மண்ணின் புகழும் புல்லின் உழைப்பும்: லடாக் வீட்டின் வெப்பக் காப்பு குறித்து

லடாக்கின் பழைய மண் வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: தடித்த மண்சுவர் பகல் வெயிலைச் சேமித்து இரவில் வீட்டுக்குள் விடுகிறது, சிமெண்டு வந்து அந்த அறிவைக் கெடுத்துவிட்டது. இதன் பின்பாதியில் உண்மை உண்டு. முன்பாதி கணக்குக்கு நிற்காது. மண்சுவர் செய்யாத வேலைக்கு அதற்குப் புகழ் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதும், குளிரை உண்மையில் தடுத்த பொருள் நம் வரைபடங்களில் இடம்பெறவே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். ஜூலை நண்பகலில் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தொடும். ஜனவரி இரவில் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரிக்கும் இறங்கும். காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் வெயில் கடுமையாக இறங்குகிறது; பொழுது சாய்ந்ததும் தரையின் வெப்பம் தடையின்றி வானுக்கு ஏறிவிடுகிறது. ஆக அந்த வீடு இரண்டு அலைகளைத் தாங்க வேண்டும். ஒன்று, பகலுக்கும் இரவுக்கும் இடையிலானது. மற்றொன்று, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலானது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இக்குழப்பம் இயல்பு. சென்னையில் ஜனவரியின் சராசரிக்கும் மே மாதச் சராசரிக்கும் இடையே 8 டிகிரி அளவே வேறுபாடு. அதனால் தடித்த சுவர் என்றாலே சுகம் என்பது நமக்கு அனுபவப் பாடம். லேயில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே அந்த வேறுபாடு ஏறக்குறைய மூன்று மடங்கு.

சுவரைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். வெயிலில் உலர்த்திய மண்கல்லின் வெப்பக் கடத்துத்திறனைப் பாடநூல்களின் நடுத்தர மதிப்பான 0.7 என்று கொள்வோம். ஒரு நாளைய வெப்ப அலை இத்தகைய மண்ணுக்குள் 11 செ.மீ. போவதற்குள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் என்னும் அளவுக்குத் தேய்ந்து நிற்கும். சுவர் 45 செ.மீ. என்றால் உள்முகத்தை எட்டும்போது அறுபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். எட்டுவதற்கு 15 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பிற்பகல் 2 மணியின் சூடு விடியற்காலை 5 மணிக்கு மேல் உள்ளே வருகிறது. வெளிமுகத்தில் 30 டிகிரி ஏறி இறங்கினாலும் உள்ளே தெரிவது அரை டிகிரி. படிக்க அழகான செய்திதான், ஆனால் அரை டிகிரியில் யாரும் குளிர்காய முடியாது. தடித்த மண்சுவர் வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அலையைச் சமப்படுத்துகிறது. அவ்வளவே.

அப்படியானால் சேமிப்பு எங்கே நடக்கிறது? தெற்கு பார்த்த சன்னலுக்குள். லே ஏறத்தாழ 34 பாகை வட அட்சத்தில் இருப்பதால் டிசம்பர் நண்பகலில் கதிரவன் 32 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கிறான். வெயில் கண்ணாடி வழியாக அறையின் ஆழம்வரை படர்கிறது. லடாக்கியர் ‘ஷெல்காங்’ என்று சொல்லும் கண்ணாடி அறையின் சூட்சுமம் இதுவே. உள்ளே விழும் அந்தச் சூட்டைத் தரையும் சுவரின் உள்முகமும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. இங்கும் அதே 11 செ.மீ. கணக்குதான்: ஒரு நாளைய கொடுக்கல் வாங்கலில் முக்கியப் பங்கு சுவரின் உள்பக்கத்து அரைச் சாணுக்குள் முடிந்துவிடுகிறது. மீதி ஒன்றரைச் சாண் மண்ணுக்கு அன்றாடச் சேமிப்பில் பெரிதாக வேலை இல்லை. அது வெறும் தடுப்பு. அதுவும் மட்டமான தடுப்பு.

எவ்வளவு மட்டம் என்பதற்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். வெளியே படும் சுவரும் கூரையும் சேர்ந்து 40 சதுர மீட்டர். உள்ளே 15 டிகிரி வேண்டும். ஜனவரியில் வெளியே சராசரி −8. பரப்பு முழுவதும் 45 செ.மீ. மண்ணாக இருந்தால் நாளொன்றுக்கு இழப்பு ஏறக்குறைய 26 யூனிட். அதையே 20 செ.மீ. கான்கிரீட்டாக மாற்றினால் 73 யூனிட். மண்ணின் வெளிப்பக்கத்தில் 10 செ.மீ. வைக்கோலை அடைத்தால் 9 யூனிட்டுக்கும் குறைவு. ஈரத்தையும் அடர்த்தியையும் பொறுத்து எண்கள் சற்று நகரலாம், வரிசை மாறாது. சிமெண்டைப் பழிப்பவர்கள் முதல் இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் மூன்றாவது எண்.

ஏனெனில் அந்த மூன்றாவது பொருள் பழைய வீட்டில் இருந்தது. கூரையின் அடுக்கு இப்படி: பாப்லர் உத்திரம், அதன்மேல் வில்லோக் குச்சிகள், அதன்மேல் புல், அதன்மேல் களிமண். எல்லாவற்றுக்கும் மேலே, கோடையில் அறுத்து உலர்த்திய புல்லும் குதிரைமசாலும் விறகும் கைப்பிடிச் சுவரோரம் குவிந்திருக்கும். மாட்டுக்கான குளிர்காலத் தீவனம் அது. சிக்கிய காற்றைத் தன்னுள் வைத்திருக்கும் எந்தப் பொருளும் நல்ல காப்பு. காய்ந்த புல்லைவிடக் காற்றைச் சிக்கவைக்கும் மலிவான பொருள் அந்த உயரத்தில் வேறில்லை. கீழ்த்தளத்தில் கால்நடைகள். நடுவில், அடுப்பெரியும் சமையலறை ஒன்றுக்குள் குளிர்காலம் முழுவதும் குடும்பம் சுருங்கிக்கொள்ளும். மற்ற அறைகள் வெளிக்குளிருக்கும் அந்த அறைக்கும் இடையே மெத்தை போல நிற்கும். காப்பு சுவரில் இருந்ததைவிட வாழ்முறையில் அதிகம் இருந்தது என்று இதனால்தான் சொல்கிறேன். மாடு போன வீட்டில் தீவனம் ஏறாது. தீவனம் ஏறாத கூரை வெறும் மண்கூரை. பிள்ளைகளுக்குத் தனி அறை, விருந்தினருக்குத் தனி அறை என்று குடும்பம் விரிந்துவிட்டால், அதே சுவர், அதே மண், ஆனால் புகாரி அடுப்புக்கு இரட்டிப்பு எரிபொருள். பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டுங்கள் என்னும் அறிவுரை இங்கே தோற்கிறது.

துரோம்ப் சுவர் இதற்கு மாற்று என்பார்கள். 1881-இல் அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் காப்புரிமை பெற்ற கருத்து அது. 1960-களில் பிரான்சின் ஒதேயோவில் ஃபெலிக்ஸ் துரோம்ப், கட்டடக் கலைஞர் ஜாக் மிஷேல் ஆகியோர் கைக்கு வந்து பெயர் பெற்றது. தெற்குச் சுவருக்குக் கருமை பூசி முன்னால் கண்ணாடி போடுகிறார்கள். லடாக்கில் அது நன்றாகவே வேலை செய்கிறது. காரணம் நான் சொன்ன கணக்குக்கு எதிரானதல்ல. கண்ணாடி வெளிமுகத்தின் சராசரி வெப்பத்தையே உயர்த்திவிடுகிறது; சுவரும் 25 செ.மீ. அளவில் நின்றால் நண்பகல் சூடு இரவு 9 மணியளவில் படுக்கை நேரத்துக்கு உள்ளே வந்து சேரும். ஆனால் அது ஒரு சுவருக்கான வைத்தியம். வடக்குச் சுவருக்கும் கூரைக்கும் அதனால் பயனில்லை. 1988-இல் தொடங்கிய செக்மால் என்னும் லடாக் கல்வி அமைப்பின் பே வளாகம் தெற்கு நோக்கிய மண்கட்டடங்களுக்கு முன்னால் குளிர்காலத்தில் பிளாஸ்டிக் பசுமைக்குடில் போடுகிறது. அங்கும் வாங்கும் வழி தெற்கே.

காப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் சில்லறைக் கேள்வி அல்ல. உள்பக்கம் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். வேலை செய்யும் அந்த அரைச் சாண் மண் அறையிலிருந்து துண்டிக்கப்படும். மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் நீராவி காப்பைக் கடந்து குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும். இரண்டு இரவு தங்கிப்போகும் விடுதி அறைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். குடியிருக்கும் வீட்டுக்கு வெளிப்பக்கக் காப்பே சரி.

எதிர்வாதம் ஒன்று வலுவானது: நீர். 2010 ஆகஸ்டில் லேயைத் தாக்கிய மேகவெடிப்பில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மண் வீடுகள் கரைந்து சரிந்தன. அதைக் கண்ணால் பார்த்தவர் சிமெண்டை நாடுவதை அறியாமை என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. வைக்கோலுக்கு ஈரமும் எலியும் எமன். ஆயினும் இந்த எதிர்வாதம் கல் அடித்தளத்தையும் நீண்ட இறவாரத்தையும் வெள்ளப் பாதையை விட்டு விலகிய மனையையும் கேட்கிறதே ஒழிய, காப்பற்ற கான்கிரீட்டைக் கேட்கவில்லை. கான்கிரீட்டால்தான் கட்டுவேன் என்பவரும் அதன்மேல் வெளிப்பக்கத்தில் ஒரு போர்வையைச் சுற்றினால் அன்றாட அலைக்கு அது மண்ணைவிடக் குறைந்த சேமிப்பு அல்ல.

லடாக் வீடுகளை ஆவணப்படுத்தப் போகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுவரின் தடிமனை மட்டும் அளந்துகொண்டு திரும்பாதீர்கள். அக்டோபரில் கூரையில் புல் எத்தனை அடி உயரம் கிடந்தது, மார்ச்சில் மாடு தின்றது போக எவ்வளவு மிஞ்சியது என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.