பணம் நடந்த பாதை – 14: மூடிய சந்தையும் ஏறிய சந்தையும்

2020 மே 5 அன்று சென்னை கோயம்பேடு சந்தையை மூடினார்கள். விடியுமுன்னே தக்காளி லாரிகள் வரிசைகட்டும் இடம் அது. 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். மூட்டை தூக்குகிறவர், கூறுகட்டி விற்கிறவர், டீ ஆற்றுகிறவர் என அதை நம்பிப் பிழைத்தவர்கள் ஏராளம். அங்கே வந்துபோனவர்கள் வழியாகக் கொரோனா கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்ச் சேர்ந்திருந்தது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மறுபடி திறக்கச் செப்டம்பர் 28 ஆனது.

மும்பை தலால் தெருவில் இருப்பதும் சந்தைதான், பங்குச்சந்தை. கோயம்பேடு மூடிய நாளில் அதன் குறியீடான சென்செக்ஸ் 31,400 புள்ளிகளை ஒட்டி இருந்தது. திறந்த நாளில் 38,000-ஐ நெருங்கியிருந்தது. இடையில், ஆகஸ்ட் 31 அன்று, அரசு ஒரு கணக்கை வெளியிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியிருந்தது.

ஊர் அடங்கிக் கிடக்கையில் பங்குச்சந்தை மட்டும் எப்படி ஏறியது? அன்று பலர் மனத்தில் கசந்த கேள்வி இது. அதற்கு விடை தேட நூறாண்டு பின்னே போக வேண்டும்.

1918, நியூயார்க்

முதல் உலகப் போரின் கடைசி மாதங்கள். போர்க்கப்பல்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது ஸ்பானிஷ் ஃப்ளூ. 1918 அக்டோபர் மாதத்தில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,95,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். வீட்டைத் தாங்கிய தோள்கள். நியூயார்க் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் நகரத்தை மூடவில்லை. ரயில் நெரிசல் குறையட்டும் என்று கடைகளையும் அலுவலகங்களையும் வெவ்வேறு நேரத்தில் திறந்து மூடச் சொன்னார்.

வால் தெருவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1917 முடிவில் 74. சாவு மலிந்த 1918-இன் முடிவில் 82. அடுத்த ஆண்டு முடிவில் 107. முதலீட்டாளர்களின் கண் காய்ச்சலைவிடப் போரின் மேல் இருந்தது. நவம்பர் 11 அன்று பீரங்கிகள் ஓய்ந்தன. இனி வரப்போகும் வியாபாரத்துக்கு அவர்கள் அப்போதே விலை போட்டுவிட்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1919 நவம்பரில் டவ் 119-ஐத் தொட்டது. விலைவாசியைப் பிடித்து நிறுத்த அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. 1920 ஜூனில் நியூயார்க்கில் அது 7 சதவீதம். சரக்கு விலைகள் சரிந்தன, ஆலைகளில் வேலை குறைந்தது. 1921 ஆகஸ்டில் டவ் 64-க்கு வந்து நின்றது. லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன நோய் அசைக்காத சந்தையை, வட்டி ஏற்றமும் மந்தமும் சேர்ந்து ஏறக்குறைய பாதியாக்கின.

காயா, மரமா?

நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையிலேயே சந்தை 10 சதவீதம் விழுந்து, லோயர் சர்க்யூட் பட்டு, வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மாலையில் கணக்குப் பார்த்தால் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் இழந்து 25,981-இல் நின்றது. மறுநாள் இரவு பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார்.

புயலுக்கு மறுநாள் தென்னந்தோப்புக்காரர் முதலில் பார்ப்பது எதை? காய் உதிர்ந்திருந்தால் ஓராண்டு நஷ்டம். தோப்பின் விலை பெரிதாக இறங்காது. மரமே சாய்ந்திருந்தால் கன்று வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2018-இல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் விழுந்தவை மரங்கள். பங்கு விலையும் தோப்பு விலை மாதிரிதான். ஒரு நிறுவனம் இனிவரும் இருபது, முப்பது ஆண்டுகளில் ஈட்டப்போகும் லாபத்துக்கு இன்று கொடுக்கும் விலை அது. மார்ச் 23 அன்று மரம் சாய்ந்துவிட்டது என்று சந்தை பயந்தது. சில வாரங்களில், உதிர்ந்தது காய்தான் என்ற முடிவுக்கு வந்தது.

அந்த நம்பிக்கையைக் கொடுத்தவை மத்திய வங்கிகள். அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி இறக்கியது. தேவைப்படும் அளவுக்குக் கடன்பத்திரங்களை வாங்குவோம் என்று மார்ச் 23 அன்றே அறிவித்தது. நம் ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று ரெப்போ வட்டியை 5.15-இலிருந்து 4.40 சதவீதமாகவும், மே 22 அன்று 4 சதவீதமாகவும் குறைத்தது. வட்டி இறங்கினால் நாளைய லாபத்துக்கு இன்றைய மதிப்பு கூடும். இன்னொரு பக்கம், வங்கியில் போட்ட பணம் விலைவாசிக்கு ஈடுகொடுக்காது. 2020-இல் ஓராண்டு வைப்புத்தொகைக்கு 5 சதவீதம் கிடைப்பதே பெரிதாக இருந்தது. சில்லறைப் பணவீக்கமோ பெரும்பாலான மாதங்களில் 6 சதவீதத்துக்கு மேல்.

பணம் வேறு இடம் தேடியது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மார்ச் மாதத்தில் நம் பங்குகளிலிருந்து 60,000 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த நிதியாண்டில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் கொண்டுவந்தார்கள். வீட்டில் அடைபட்ட இளைஞர்கள் பங்கு வாங்கி வைக்கும் டீமேட் கணக்கைச் செல்போனில் தொடங்கினார்கள். 4 கோடியை ஒட்டியிருந்த கணக்குகள் 2021 மார்ச்சில் 5.5 கோடி ஆயின.

யாருடைய எண்?

சென்செக்ஸ் என்பது 30 நிறுவனங்கள். இன்ஃபோசிஸும் டிசிஎஸ்ஸும் வேலையை ஊழியர் வீட்டுக்கே அனுப்பின. மருந்து நிறுவனங்களுக்குத் தேவை கூடியது. ரிலையன்ஸின் ஜியோவில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் போட்டது. தெருமுனை மெஸ், சாயப்பட்டறை, பந்தல்காரர், ஷேர் ஆட்டோ எதற்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. சிறிய கடை மூடினால் அதன் வாடிக்கையாளர் பெரிய நிறுவனத்திடம் போகிறார். ஒரு குடும்பத்தின் இழப்பு குறியீட்டில் இன்னொருவருடைய வரவாக ஏறுகிறது.

2021 மே 18 அன்று சென்செக்ஸ் 50,000-க்கு மேல் முடிந்தது. மறுநாள் காலை வந்த அரசு அறிக்கை, 24 மணி நேரத்தில் 4,529 பேர் கொரோனாவால் இறந்ததாகச் சொன்னது. இந்தியாவில் அதுவரை ஒரே நாளில் பதிவானவற்றுள் அதுவே அதிகம். இரண்டு எண்களும் உண்மை. முதல் எண் சொல்வது 30 நிறுவனங்களின் வருங்காலத்தை. அதைப் பார்த்துவிட்டு நாடு நலம் என்று ஆட்சியில் இருப்பவர்கள் சொன்னால், கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவரின் ஐந்து மாதக் கூலி எந்தக் கணக்கில் வரும்? குறியீட்டைப் பார்ப்போம். கூடவே கூலியையும், அடகுக்கடையில் கூடும் நகையையும், பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகளையும் எண்ணுவோம். அவையும் நாட்டின் கணக்குதான்.

1918 காய்ச்சலில் இந்தியாவில் குறைந்தது 1.2 கோடிப் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அது ஓய்ந்த சில வாரங்களில், 1919 ஜனவரியில், பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். ஆலை முதலாளிகளுக்கு அவை கொழுத்த லாப ஆண்டுகள். அரிசி விலைக்குக் கூலி எட்டவில்லை.

அந்தத் தெருவுக்கு அடுத்த வாரம் போவோம்.

(பாதை நீளும்)