மரச்சீனியைக் காத்த குளவி

நம்ம கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடாத வீடு உண்டா? ஆனால் மரச்சீனி நம் மண்ணில் பிறந்த பயிர் அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது நம் பெரியவர்களின் பசியாற்றியது இந்தக் கிழங்குதான்.

ஆப்பிரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு இதுவே சோறு. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மரச்சீனியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. அது கூம்பில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும். குருத்து சுருண்டு செடி குட்டையாகிவிடும். பத்தாண்டுக்குள் நாடு நாடாகப் பரவியது. மருந்து அடிக்கலாமென்றால் வாங்கக் காசு இல்லை. அங்கே அந்த இலையையும் கீரையாகச் சமைத்து உண்பார்கள்.

1979இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரென், நைஜீரியாவின் இபாதானிலுள்ள சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. பூச்சி பிறந்த ஊரில் அதன் எதிரியும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தென் அமெரிக்காவில் தேடியதில், 1981இல் பராகுவேயில் எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி கிடைத்தது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். வேறு தீங்கு செய்யுமா என்று லண்டனில் தனியாக அடைத்து வைத்துப் பார்த்தபிறகே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு விமானத்திலிருந்தும் தூவினார்கள். சுமார் 30 நாடுகளில் கிழங்கு பிழைத்தது. இரண்டு கோடி உயிர்கள் தப்பின என்று கணக்குச் சொல்கிறார்கள். 1995இல் ஹெரெனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020இல் நம் பக்கத்துத் திருச்சூரில் தெரிந்தது. பிறகு சேலம், நாமக்கல் ஜவ்வரிசிக் கிழங்குத் தோட்டங்களையும் பிடித்தது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார் குளவியைக் கேட்டு வாங்கியது பெனின் நாட்டிலிருந்து. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது தாஹொமே என்ற பெயரில் பூகோளப் பாடத்தில் பழகிய நாடு. ஏழை நாடு என்று படித்தோம்; நமக்கு உதவி அங்கிருந்துதான் வந்தது. 2022இல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகளை வெளியே விட்டார்கள்.

குளவிக்கு விவசாயி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. அது தானே பெருகும். விற்று லாபம் பார்க்க முடியாத இந்த மாதிரி வேலைக்கு எந்தக் கம்பெனியும் வராது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இதற்காகவே வேண்டும்.

கிழங்கு போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியூர்க் கம்பை நன்றாகப் பார்க்காமல் நடாதீர்கள். குருத்தில் வெள்ளை கண்டவுடன் கண்டபடி மருந்து அடிக்காதீர்கள்; அது குளவியையும் கொன்றுவிடும். முதலில் வேளாண்மை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.