மெம்பிஸில் பாடாத பாட்டு

அமெரிக்காவில் 1960-களில் ஒரு வேடிக்கையான பெயர் வழக்கத்துக்கு வந்தது: ‘நீலக்கண் ஸோல்’. ஸோல் என்றால் ஆன்மா. கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்து படைத்த சங்கீதம் அது. அதை வெள்ளையர் ஒருவர் நன்றாகப் பாடிவிட்டால், என்ன சொல்வது என்று தெரியாமல் கண்ணின் நிறத்தைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் பாராட்டும் இருக்கிறது. ‘இது உன் வீட்டுச் சொத்து அல்ல’ என்ற நினைவூட்டலும் இருக்கிறது.

அந்த நினைவூட்டலை வேறு யாரையும்விட அதிகமாகக் கேட்டவர் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்று எனக்குத் தோன்றுகிறது. இவர் 1939-இல் லண்டனில், ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் மேரி ஓ’பிரையன். கறுப்பின இசையை இரவல் வாங்கிவிட்டுக் கறுப்பின மக்களை மறந்துபோகிற ரகம் அல்ல. 1964-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்த சபையில் பாடமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார். அந்த அரசாங்கம் அவரை நாட்டைவிட்டே அனுப்பியது. மறு வருஷம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கலைஞர்களைத் தம் நிகழ்ச்சியில் முன்னிறுத்தி, அந்நாட்டு ரசிகர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

அட்லாண்டிக் ஸ்தாபனம் அமெரிக்காவில் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. அரீதா ஃபிராங்க்ளினின் பெரும்புகழுக்குக் காரணமான ஸ்தாபனம் அது. அதன் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், பத்திரிகையாளராக இருந்த காலத்தில் ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்ற பெயரையே வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். டஸ்டியைத் தம் வீட்டுக்கு அழைத்து, ஏறக்குறைய 80 பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒன்றுகூட அம்மையாருக்குப் பிடிக்கவில்லை! சில மாதங்கள் கழித்து, தள்ளிவிட்ட அதே குவியலிலிருந்து சுமார் 20 பாட்டுகளைப் பொறுக்கி மறுபடி வைத்தாராம், எல்லாம் பிடித்துவிட்டன. இது வெக்ஸ்லர் சொன்ன கதை. இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பயமாகவே படுகிறது. ஒரு பாட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டால் பிறகு அதைப் பாடியாகவேண்டும் அல்லவா?

1968 செப்டம்பரில் மெம்பிஸ் நகரத்து அமெரிக்கன் ஸ்டூடியோவில் வேலை தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டு ஐந்து மாதங்கள்தாம் ஆகியிருந்தன. வெக்ஸ்லருடன் ஒலிப்பதிவு நிபுணர் டாம் டௌடும், துருக்கியில் பிறந்த அரிஃப் மார்டினும் கூட்டுத் தயாரிப்பாளர்கள். கிதார் ரெஜி யங். பாஸ் டாமி காக்பில். டிரம்ஸ் ஜீன் கிரிஸ்மன். கறுப்பினப் பாடகர்களின் வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்துக் கை தேர்ந்த இந்த வாத்தியக்காரர்கள் வெள்ளையர்களே! காகிதத்தில் எழுதிய ஸ்வரங்களை நம்பாமல், பாட்டைக் கேட்டு, கூடிப் பேசி, அங்கேயே வாத்தியப் பகுதிகளை அமைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பின்பாட்டுக்கு அரீதாவுடன் பாடிய கறுப்பினப் பெண்களான ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுவினர். சங்கீதத்துக்கு நிறம் பிரிக்க விரும்புகிறவர் அந்த அறையில் திண்டாடிப் போயிருப்பார்.

ஆனால் டஸ்டியின் வாய் திறக்கவில்லை. வில்சன் பிக்கெட் நின்று பாடிய இடம் இதுதான் என்று யாரோ காட்டினார்கள். உபசாரமாகச் சொன்ன வார்த்தை, அவருக்கு மூச்சடைத்துவிட்டது. லண்டனில் தம் இசைத்தட்டுகளைத் தாமே மேற்பார்த்தவர், வாத்தியக்காரர்களைத் தாமே ஏவியவர், இங்கே தமக்கு என்ன யோக்கியதை என்று மலைத்து நின்றார். வாத்தியங்கள் மெம்பிஸில் பதிவாயின. இறுதியான குரல் பிற்பாடு நியூயார்க்கில்தான் பதிவாயிற்று. அங்கேயும் காதுக் கருவியில் வாத்திய ஓசையை மிக உரக்க வைத்துக்கொண்டு, தம் குரல் தமக்கே கேட்காதபடி பாடினாராம். ஆகவே, ‘டஸ்டி இன் மெம்பிஸ்’ என்று பெயர் பெற்ற இசைத்தட்டில் மெம்பிஸில் இல்லாதது டஸ்டியின் குரல்தான்.

அதைக் கேட்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை ஒன்றும் தெரியாது. குரலை உயர்த்திக் கத்துகிற இடங்கள் மிகக் குறைவு. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல அடங்கிப் பாடுகிறார். கரோல் கிங்கும் ஜெரி கோஃபினும் எழுதிய நான்கு பாட்டுகள், ராண்டி நியூமனின் இரண்டு உட்பட, மொத்தம் 11. அரீதாவைப் போலப் பாடமுடியாது என்ற பயமே அவரை அரீதாவைப் போலப் பாடாமல் காப்பாற்றியது என்பது என் கட்சி.

போதகரின் மகனைப் பற்றிய ‘சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்’ முதலில் அரீதாவுக்குப் போய், அவர் வேண்டாமென்ற பாட்டு. டஸ்டி பாடி, அது இரு நாடுகளிலும் முதல் பத்துக்குள் வந்தது. இசைத்தட்டின் கதி வேறு. 1969-இல் வெளிவந்து, அமெரிக்கப் பட்டியலில் 99-ஆம் இடத்தோடு நின்றது. சொந்த நாட்டுப் பட்டியலில் தலைகாட்டவே இல்லை. விமரிசகர்கள் மெச்சினார்கள், கடையில் வாங்குவார் இல்லை. அரீதா பிறகு அதே பாட்டைத் தாமும் பாடி 1970-இல் வெளியிட்டார். அதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன வேண்டும்?

1994-இல் ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தில் அந்தப் பாட்டு ஒலித்து, புதிய தலைமுறை ஒன்று டஸ்டியைத் தேடிப் போயிற்று. 1999 மார்ச்சில், அறுபது நிறையுமுன், புற்றுநோயால் அவர் மறைந்தார். 2020-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசத்துக்காகப் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்த இசைத்தட்டையும் சேர்த்தது. லண்டன்காரியின் பாட்டு அமெரிக்கப் பொக்கிஷமாகிவிட்டது.

எழுத்துத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்தப் பயம் அந்நியமானதல்ல. தம் வீட்டுச் சொத்து அல்லாததைத் தொடும்போது கை நடுங்குவது குறை அல்ல, மரியாதை. அந்த மரியாதையோடு தொட்டதனால்தான் டஸ்டியிடம் அது கெட்டுப்போகவில்லை.