டில்லியின் அரசத் தடாகம்

நகர வாழ்வின் நெருக்கடியிலே ஆறு நாள்கள் அமிழ்ந்திருப்பவர்கள் ஏழாம் நாள் தேடிச் செல்வது மரநிழலையும் நீர்ப்பரப்பையுமே. தலைநகராம் டில்லியின் தென்பகுதியில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடம் ஒன்று உண்டு. ஹௌஸ் காஸ் ஏரியும் அதனை ஒட்டிய மான் பூங்காவுமே அவ்விடம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையில், மூடுபனி விலகி இளவெயில் பரவும் வேளையிலே அங்குச் சென்றால், டில்லியின் குடும்பங்கள் பலவற்றை ஒரே இடத்தில் காணலாம். கம்பளிச் சால்வை போர்த்த முதியவர்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்கள். தாய்மார்கள் கமலாப்பழத்தை உரித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வறுத்த வேர்க்கடலையின் மணம் காற்றிலே மிதந்து வரும்.

இக்குடும்பங்களில் நாலுகால் உறுப்பினர்களும் உண்டு. வாட்டசாட்டமான அல்சேஷியன் ஒன்று தன் எசமானரைக் கயிற்றோடு இழுத்துச் செல்லும்; எவர் எவரை உலாவ அழைத்து வந்தார் என்று நாம் ஐயுறுவோம். குளிருக்குச் சட்டை தைத்து அணிவிக்கப்பட்ட சிறு நாய்களும் உண்டு. எவருக்கும் சொந்தமில்லாமல், எல்லாருக்கும் சொந்தமாய், பூங்காவையே வீடாகக் கொண்ட தெரு நாய்களும் உண்டு. நாயோடு நெடுவழி நடக்கும் வழக்கத்துக்குத் தருமபுத்திரரே முன்னோடி. தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவர் அவர். அவர் ஆண்ட இந்திரப்பிரஸ்தம் இந்த டில்லியே என்று மரபு கூறுகிறது. ஆதலால் டில்லிவாசிகள் நாயை உடன் அழைத்துச் செல்வதில் வியப்பு ஒன்றும் இல்லை!

ஏரிக்கரையை அடைந்தவுடன் குழந்தைகள் கேட்கும் முதற் கேள்வி, இதை வெட்டியவர் யார் என்பதே. அதற்கு விடை எளிது; அலாவுதீன் கில்ஜி என்று ஒரே சொல்லில் கூறிவிடலாம். ஆனால் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்ப்போமாயின் வேறொரு வினா எழுகிறது. இந்த ஏரிக்கு நீர் வரும் வழியைக் காத்தவர் யார், கெடுத்தவர் யார்? ஏழு நூற்றாண்டுகளாக இந்த ஏரி பிழைத்ததும் மடிந்ததும் இவ்வினாவைப் பொறுத்தே நிகழ்ந்திருக்கின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குப் பெயரைக் கேட்டதும் பொருளைத் தேடும் பழக்கம் விடுவதில்லை. ‘ஹௌஸ்’ என்றால் நீர்த்தடாகம். ‘காஸ்’ என்றால் சிறப்புக்கு உரியது, அரசர்க்கு உரியது. எனவே ‘அரசத் தடாகம்’ என்று இப்பெயரைத் தமிழாக்கலாம். தொடக்கத்தில் இதற்கு வழங்கிய பெயர் ‘ஹௌஸ்-இ-அலாயி’ என்பது. அலாவுதீனின் தடாகம் என்பது அதன் பொருள்.

1296 முதல் 1316 வரை ஆட்சி புரிந்த அலாவுதீன், மங்கோலியரின் படையெடுப்புகளுக்கு அஞ்சாத அரணாக ‘சீரி’ என்னும் புதுநகரை எழுப்பினான். கோட்டை கட்டினால் போதுமா? மக்களுக்கும் படைக்கும் குதிரைகளுக்கும் குடிநீர் வேண்டுமே! யமுனை நதி கிழக்கே தொலைவில் ஓடியது. டில்லியிலோ ஆண்டு மழையில் பெரும்பங்கு மூன்று மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். அந்நீரை எஞ்சிய மாதங்களுக்குச் சேமித்து வைத்தாலன்றி நகரம் உயிர்வாழ இயலாது. தென்மேற்கே ஆரவல்லிக் குன்றுகளின் கடைசித் தொடர் சரிந்து இறங்குகிறது. அச்சரிவுகளில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு பள்ளம் நோக்கி வரும். அவ்வழியை அறிந்தே தடாகம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 50 எக்டேர் என்று கணக்கிட்டுள்ளனர். இன்று கரையில் நின்று நாம் காணும் நீர்ப்பரப்பு அதில் ஒரு சிறு பகுதியே. பூங்காவின் புல்வெளியிலே ‘முண்டா கும்பத்’, அதாவது மொட்டைக் குவிமாடம் என்று பெயர் பெற்ற கட்டடம் ஒன்று மேட்டின்மேல் நிற்கிறது. அது முற்காலத்தில் நீரின் நடுவே நின்ற மண்டபம் என்று கருதப்படுகிறது.

மொராக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா 1334 முதல் சில ஆண்டுகள் டில்லியில் வாழ்ந்தார். இத்தடாகத்தைப் பற்றி அவர் எழுதிவைத்த செய்திகள் சுவையானவை. இது மெஹ்ரோலியில் உள்ள பழைய ஷம்ஸித் தடாகத்தினும் பெரியது என்கிறார். கரையைச் சுற்றிலும் ஏறக்குறைய நாற்பது மண்டபங்கள் இருந்தன என்கிறார். அங்கே இசைவாணர்கள் குடியிருந்தனர். அவர்களுடைய குடியிருப்புக்கு ‘இன்பபுரி’ என்று பொருள்படும் பெயரே வழங்கிற்று. அங்குப் பெரிய கடைவீதியும் பள்ளிவாசல்களும் இருந்தன. ரமலான் மாதத்தில் பாடகியர் ஒன்றாகக் கூடி இரவுத் தொழுகையில் கலந்துகொள்வர் என்று தாம் கேள்வியுற்றதையும் குறித்திருக்கிறார். ஆக, மக்கள் குடும்பத்தோடு சென்று மகிழும் இடமாக ஏரிக்கரை விளங்குவது இன்று நேற்று தோன்றிய வழக்கமன்று.

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1351இல் பிரோஸ் ஷா துக்ளக் பட்டத்துக்கு வந்தான். அவன் தன் ஆட்சியில் செய்த பணிகளைத் தானே தொகுத்துரைத்த ‘புதூஹாத்-இ-பிரோஸ் ஷாஹி’ என்னும் சிறு நூல் இன்றும் கிடைக்கிறது. டில்லியின் தடாகங்கள் இரண்டும் இருந்த நிலையை அதில் அவன் விவரிக்கிறான். ஷம்ஸித் தடாகத்துக்கு நீர் வரும் கால்வாய்களை நேர்மையற்றவர்கள் சிலர் அடைத்து வைத்திருந்தனர். அலாவுதீனின் தடாகமோ தூர்ந்து போய் வறண்டு கிடந்தது. அதன் வயிற்றிலேயே மக்கள் உழுது பயிர் செய்தனர். அதனுள் கிணறுகள் தோண்டி அந்நீரை விலைக்கும் விற்றனர்!

இந்தச் செய்தியைப் படிக்கும்பொழுது நம் உள்ளம் சற்று நின்று நினைக்கிறது. ஊருக்கெல்லாம் பொதுவாய் இருந்த நீர் மறைந்தது. மறைந்த இடத்திலேயே சிலர் நீரை விற்றுப் பொருள் ஈட்டினர். பொதுச் சொத்து கேட்பாரற்றுப் போனால் எவ்வாறு தனியார் உடைமையாகி விடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அறுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட செய்தியாயினும், நம் காலத்து நகரங்கள் எவற்றுக்கும் இது புதிதாகத் தோன்றாது.

பிரோஸ் ஷா அடைப்புகளை அகற்றினான். தடாகத்தைத் தூர் வாரினான். ஆண்டுதோறும் அது நிரம்புமாறு செய்தான். புதிய தடாகம் ஒன்றை வெட்டித் தன் பெயரைச் சூட்டிக்கொள்வது அவனுக்குக் கடினமான செயலன்று. யமுனையிலிருந்து ஹிஸார் வரையில் கால்வாய் வெட்டியவன் அவன். அவ்வாறிருந்தும் முன்னோன் ஒருவன் வெட்டியதைச் செப்பனிடுவதையும் தன் பெருமைகளுள் ஒன்றாக அவன் எண்ணினான். குதுப் மினாரின் மேற்பகுதி இடி விழுந்து சிதைந்தபோது அதனைப் பழுது பார்த்தவனும் அவனே.

நீர் திரும்பியதும் கல்வியும் கரையேறி வந்தது. 1352இல் தடாகத்தின் தென்கரையிலும் கீழ்க்கரையிலுமாக அவன் ஒரு மதரஸாவை நிறுவினான். அதன் கட்டட அமைப்பு கருத்தைக் கவர்வது. நிலப்புறத்திலிருந்து பார்த்தால் ஒரே தளமாகத் தோன்றும். நீர்ப்புறத்திலிருந்து நோக்கினால் இரண்டு தளங்களாக எழும். தூண் வரிசைகளும், நீரை நோக்கி நீண்ட மாடங்களும், கரையிலிருந்து நீருக்கு இறங்கும் படிகளும் இன்றும் காணத் தக்கவை. இரு சிறகுகளும் கூடும் மூலையிலே பிரோஸ் ஷாவின் கல்லறை நிற்கிறது. அதன் முன்றிலைச் சூழ்ந்த கல்வேலி, பண்டைய பௌத்தத் தூபிகளின் வேலியை நினைவூட்டும். 1388இல் மறைந்த மன்னன், வாழ்நாளில் தான் மீட்ட நீரின் கரையிலேயே துயில் கொண்டான்.

அவன் மறைந்து பத்தாண்டுகள் கழிந்தன. 1398 டிசம்பரில் டில்லிப் படையை முறியடித்த தைமூர் இத்தடாகத்தின் கரையிலே பாசறை அமைத்தான். அவன் வரலாற்றை எழுதியவர்கள், தடாகத்தின் ஒவ்வொரு பக்கமும் அம்பு பாயும் தொலைவினும் நீண்டது என்றும், மழைக்காலத்தில் நிரம்பும் அந்நீரே நகர மக்களுக்கு ஆண்டு முழுவதும் பயன்படுகிறது என்றும் குறித்தனர். ஆனால் இதைக் கட்டியவன் பிரோஸ் ஷா என்று அவர்கள் எழுதிவிட்டனர். வரலாற்றுக் கண்கொண்டு நோக்கினால் இது பிழை. எனினும் அப்பிழையிலும் ஒரு நீதி இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வெட்டியவனின் பெயர் மறைந்து, காத்தவனின் பெயர் நிலைத்துவிட்டது அல்லவா?

பிற்காலத்தில் தலைநகரம் இடம் மாறிக்கொண்டே சென்றது. பதினேழாம் நூற்றாண்டிலே ஷாஜஹான் வடக்கே யமுனைக் கரையில் ஷாஜஹானாபாத்தை அமைத்த பின்னர், தென்டில்லியின் பழைய நகரங்கள் சிற்றூர்களாய்ச் சுருங்கின. மதரஸாவின் இடிபாடுகளை ஒட்டி ஒரு கிராமம் வாழ்ந்தது. ஏரி மீண்டும் தூர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் டில்லி வேகமாக வளர்ந்தது. 1957இல் டில்லி வளர்ச்சி ஆணையம் தோன்றியது. சுற்றுப்புற வயல்கள் குடியிருப்புகளாக மாறின. பழைய தடாகத்தின் பரப்பிலும் அயலிலும் பூங்காக்கள் எழுந்தன. மான்கள் விடப்பட்ட பகுதிக்கு, டில்லியின் முதல் துணைநிலை ஆளுநராக விளங்கிய ஆதித்தியநாத் ஜா அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. மரங்கள் ஓங்கி வளர்ந்தன. 1501ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘பாக்-இ-ஆலம்’ குவிமாடம் போன்ற பழைய கட்டடங்கள் அம்மரங்களின் நடுவே அமைதியாக நிற்கின்றன. இவையெல்லாம் நல்ல பணிகளே. ஆனால் சாலைகளும் வீடுகளும் சரிவுகளை மூடியதால், ஏரிக்கு வரவேண்டிய மழைநீர் வேறு வடிகால்களில் போய்விட்டது. பூங்காவிலே பசுமை பெருகிற்று. ஏரியிலே நீர் வற்றிற்று. பிரோஸ் ஷா கண்ட காட்சியே மறுபடியும் வந்தது. இம்முறை எவரும் கால்வாயை வேண்டுமென்று அடைக்கவில்லை. அது ஒன்று இருந்தது என்பதையே நகரம் மறந்துவிட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஏரி மூன்றாம் முறையாகப் பிறந்தது. இந்நியக் கலை, பண்பாட்டு மரபுடைமைகளைப் பேணும் ‘இன்டாக்’ என்னும் அமைப்பு இதற்குத் திட்டம் வகுத்தது. வசந்த் குஞ்ச் பகுதியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மை செய்யப்பட்ட நீரை, சஞ்சய் வனத்தின் வழியே செலுத்தி, சிறு அணைகளாலும் நீர்த்தாவரங்களாலும் மேலும் தெளியச் செய்து, வடிகால் வழியே ஏரிக்குக் கொண்டுவந்தனர். வறண்ட பள்ளத்தில் நீர் நின்றது, பறவைகள் திரும்பின, மக்களும் திரும்பினர்.

எனினும் ஒன்றை மறத்தல் கூடாது. கழிவுநீரில் எஞ்சிய ஊட்டப் பொருள்களால் கோடையில் ஏரியிலே பாசி பெருகிப் பச்சை படர்வது உண்டு. அத்தகைய நீரில் தோன்றும் பாசிகளுள் சில நாய்களுக்கு நஞ்சாகும். நடந்து களைத்த நாய் நீரைக் கண்டால் பாயத்தான் செய்யும். ஆதலின் நாயோடு செல்வோர் வீட்டிலிருந்தே அதற்குக் குடிநீர் எடுத்துச் செல்லுதல் நலம். ஒரு காலத்தில் தலைநகரம் முழுவதும் பருகிய தடாகத்திலே இன்று நம் வீட்டு நாயையும் வாய் வைக்க விடுவதில்லை! நாம் வீட்டில் பயன்படுத்திக் கழித்த நீரே ஏரியாக நம் எதிரே நிற்கிறது. அதன் தூய்மையும் மாசும் நம் சமையலறையிலும் குளியலறையிலுமே தொடங்குகின்றன.

மான்களின் கதையும் இதற்கு ஒத்ததே. சில மான்களாகத் தொடங்கிய கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. வேலிக்குள் இடம் பெருகவில்லை. 2023இல் மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம் இப்பூங்காவுக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை நீக்கியது. மான்களை வேறிடங்களுக்கு அனுப்புவது பற்றிய வாதம் நீதிமன்றம் வரையில் சென்றது. உயிர்களைக் கொண்டுவந்து விடுவது ஒரு நாள் விழா. அவற்றைப் பேணுவதோ தலைமுறைக் கடமை. புள்ளிமான் எளிதில் மிரளும் இயல்புடையது. நாய் குரைத்துப் பாய்ந்தால் வேலியில் மோதிக் காயமுறும். எனவே வாயிலில் உள்ள அறிவிப்பைப் படித்து, நாயைக் கயிற்றில் பிடித்து, வேலிக்கு விலகி நடத்திச் செல்வதே முறை.

நேயர்களே, டில்லிக்கு வரும் வாய்ப்பு நேர்ந்தால் குடும்பத்தோடு ஹௌஸ் காஸுக்குச் செல்லுங்கள். மதரஸாவின் மாடத்திலிருந்து நீரைக் காணுங்கள். ஆனால் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். அந்த நீர் எத்திசையிலிருந்து எவ்வழியாக உள்ளே வருகிறது என்று கேட்டுச் சென்று, அந்த இடத்தையும் பாருங்கள். அங்கே மாடங்களும் இல்லை, குவிமாடங்களும் இல்லை. எளிய ஒரு வாய்க்கால்தான் உண்டு. அலாவுதீனின் தடாகத்தை இருமுறை சாகவிட்டதும் இருமுறை பிழைக்க வைத்ததும் அதுவே.