முயல் முதுகில் எழுதிய எண்

வடக்கே வந்து பெயிண்ட், மை, பிசின் ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் பழகின காகிதம்தான். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒன்று உண்டு. ஆடிட் வந்தால் தேடுவோம், மற்ற நாளில் ஃபைலில் தூங்கும். அதன் 11-வது பிரிவில், பல சால்வென்ட்டுகளுக்கு "எல்.டி.50, தோல், முயல்" என்று ஒரு வரியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏறக்குறைய நூறு வருஷக் கதை இது.

முதலில் எல்.டி.50. ஒரு கூட்டம் விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு என்று பொருள். 1927-ல் இங்கிலாந்தில் ஜே.டபிள்யூ. டிரெவன் கொண்டுவந்த கணக்கு. டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்ற மருந்துகளின் வீரியம் ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் மாறியது. அதை நிலைப்படுத்த ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆலை ரசாயனங்களுக்கென்று பிறந்ததல்ல.

அடுத்தது 1937, அமெரிக்கா. சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க, டைஎதிலீன் கிளைக்கால் என்ற சால்வென்ட்டில் கரைத்து விற்றார்கள். எந்த விலங்கிலும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லும் சட்டமும் இல்லை. குழந்தைகள் உட்பட நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1938-ல் புதிய சட்டம் வந்தது. விலங்குச் சோதனை ஏன் இவ்வளவு வேரூன்றியது என்று கேட்பவர்கள் இந்த மரணங்களை மறந்துவிடக் கூடாது.

1944-ல் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. ஒன்று, அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸும் சகாக்களும் எழுதியது. முயலின் ரோமத்தை மழித்து, தோலில் பொருளைப் பூசி, சுற்றிக் கட்டி, 24 மணி நேரம் வைப்பது. மற்றொன்று, பிட்ஸ்பர்க் மெலன் நிறுவனத்தில் ஸ்மித், கார்ப்பென்டர் இருவரும் எழுதியது. வரிசையாக வந்துகொண்டிருந்த ஆலை ரசாயனங்களைச் சீக்கிரமாக எடைபோடும் முறை. அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனி யூனியன் கார்பைடு. போபால் 1984-க்குப் பிறகு இந்தப் பெயரை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

1981-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு இதை 402 என்ற எண்ணுள்ள வழிகாட்டியாக்கியது. உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்கில் பூச வேண்டும், 24 மணி நேரம் விட வேண்டும், 14 நாள் கவனிக்க வேண்டும்.

சரி, இந்த எண் நம்மைப் பற்றி என்ன சொல்கிறது? பியூட்டைல் செல்லோசால்வ் என்ற சால்வென்ட்டை எடுத்துக்கொள்வோம். பெயிண்ட்டிலும் உண்டு, சில கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் உண்டு. தோல் வழியாக நன்றாக உள்ளே போகும். முயலில் இதன் எல்.டி.50 கிலோவுக்கு ஏறக்குறைய 400 முதல் 500 மி.கி. கணக்குப் போட்டால் 60 கிலோ ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். பயமாக இருக்கிறதா?

ஆனால் முயலும் எலியும் சாவதற்குக் காரணம், உடலுக்குள் இது பியூட்டாக்சி அசிட்டிக் அமிலமாக மாறி அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பது. மனிதச் சிவப்பணுக்கள் அந்த அமிலத்துக்கு அவ்வளவு எளிதில் உடைவதில்லை. 1956-லேயே கார்ப்பென்டர் குழு இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், கிலோவுக்கு 2000 மி.கி. தோலில் பூசியும் கினிப்பன்றிகள் சாகவில்லை. 2004-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இதை அபாயக் காற்று மாசுப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

அப்படியென்றால் விலங்குச் சோதனை எப்போதும் மிகையாகத்தான் பயமுறுத்துமா? அதுவும் இல்லை. மெத்தனாலைப் பாருங்கள். எலி அதைப் பெரிய அளவில் தாங்கும், ஏனென்றால் அதிலிருந்து உருவாகும் ஃபார்மிக் அமிலத்தை எலியின் உடல் வேகமாக அழித்துவிடும். நம் உடலால் முடியாது. கண் போகும், உயிர் போகும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

மூன்றாவது உதாரணம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மெத்தில் செல்லோசால்வ், முன்னதன் நெருங்கிய உறவு. 1979-ல் ஜப்பானில் சுண்டெலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது விரைகள் சுருங்கின. கருவில் இருக்கும் குட்டிக்கும் இது கேடு என்பது பிறகு தெரிந்தது. 14 நாளில் யார் செத்தார்கள் என்று மட்டும் எண்ணும் சோதனையில் இது தெரிய வழியே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது அல்லவா?

சோதனையின் மீது சந்தேகமும் கூடவே வளர்ந்தது. 1959-ல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் மாற்று வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். 1971-ல் வைல், ஸ்காலா இருவரும் வெளியிட்ட ஆய்வில், முயலின் கண், தோல் எரிச்சலுக்கு அதே பொருட்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. முடிவுகள் ஆளுக்கொரு விதம்! 2002-ல் வாய்வழி எல்.டி.50-இன் பழைய வழிகாட்டியை ஓ.இ.சி.டி. நீக்கியது. 2010-ல் எரிச்சலைச் சோதிக்க, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோலுக்கு வழிகாட்டி வந்தது. 402-ஐயும் 2017-ல் திருத்தி விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இந்தியா 2014-ல் அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனையைத் தடை செய்தது. ஆலை ரசாயனங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது.

அதனால் அந்த எண்ணைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஒரு முயல் உயிரைக் கொடுத்துச் சொன்ன சேதி அது, ஆனால் முழுச் சேதி அல்ல. எண் பெரிதாக இருக்கிறது என்று வெறுங்கையால் தின்னரில் கை கழுவும் பழக்கம் வேண்டாம். அதே தாளில், குழந்தைப்பேறு, கரு, நீண்ட நாள் பாதிப்பு பற்றிய வரிகளையும் எந்த ரப்பரில் செய்த கையுறை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆலைத் துணியைத் தனியே துவையுங்கள். மிச்சக் கேள்விகளைக் கேட்க வேண்டியது நாம்தான்.