இளங்குதிரைப் பயிற்சியும் சொற்சான்றும்: கலிபோர்னிய வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

கடிவாளத்தைக் குறிக்கும் 'கலினம்' என்னும் சொல் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அவ்வடசொல்லும் கிரேக்கத்திலிருந்து பெறப்பட்டது என்பர் மொழியியலார். குதிரையோடு அதனைப் பழக்கும் கருவிகளும், கருவிகளோடு அவற்றின் பெயர்களும் நாடுவிட்டு நாடு செல்லுதல் இயல்பே. அச்சொற்களைக் கொண்டு ஒரு தொழிற்கலையின் வரலாற்றை எந்த அளவிற்கு மீட்டெடுக்க இயலும் என்பதை, அமெரிக்க 'ரெய்னிங்' குதிரைப் பயிற்சியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டமிட்டு ஓடுதல், நின்ற இடத்திலேயே சுழலுதல், விரைந்தோடிப் பின்னங்கால்களைச் சறுக்கி நிற்றல் ஆகியவற்றைக் குதிரை நடுவர் முன் செய்துகாட்டும் போட்டியே ரெய்னிங் ஆகும். இதற்கென அமெரிக்காவில் 1966இல் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. மேய்ச்சல் நிலத்தில் மாடு மடக்கும் தொழிலிலிருந்து பிறந்த இச்செயல்களை ஆங்கிலம் பேசும் 'கவ்பாய்' மரபின் ஆக்கமாகக் கருதுவது பொதுவழக்கு. கருவிப் பெயர்கள் வேறு கதை கூறுகின்றன.

கலிபோர்னிய வழக்கில் இளங்குதிரையின் வாயில் முதலில் இரும்பு வைப்பதில்லை. குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை நிகழ்வதால், அக்காலத்தில் வாய் நோகும். ஆதலின் 'ஹேக்கமோர்' என்னும் வாயிரும்பற்ற தலைக்கருவியே முதலில் பூட்டப்படும். பதப்படுத்தாத தோலைப் பின்னிச் செய்த வளையம் மூக்கின்மேல் அமரும், இது 'பொசால்'. தாடையின் கீழ் அதன் முடிச்சில் கட்டப்படும் மயிர்க்கயிறு 'மெகாதே', அதுவே கைவாராகும். குதிரை பழகப் பழகப் பொசாலின் பருமன் குறைக்கப்படும். பின்னர் மெல்லிய பொசாலும் வாயிரும்பும் சேர்ந்து பூட்டப்பட்டு, இருவகை வார்களும் சவாரியாளன் கையில் இருக்கும். இந்த இடைநிலையே இம்முறையின் நுட்பமான பகுதி எனலாம். அறிந்த கட்டளையின் துணையால் அறியாத கட்டளையைக் குதிரை கற்றுக்கொள்கிறது. இறுதியில் பொசாலின் வார்கள் நீங்கி, வாயிரும்பின் வார்கள் மட்டும் எஞ்சும். ஒரு கையால் வாரைக் கழுத்தில் சாய்த்த அளவிலேயே குதிரை திரும்ப வேண்டும். மறுகை சுருக்குக் கயிற்றிற்கு உரியது. இவ்வளவிற்கும் சில ஆண்டுகள் ஆகும்.

'ஹேக்கமோர்' என்பது 'ஹாக்கிமா' என்னும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. அதன் மூலம் 'ஷகீமா' என்னும் அரபுச் சொல். அரபில் வாயிரும்பைக் குறித்த சொல், ஸ்பானியத்தில் தலைக்கயிற்றைக் குறித்து, ஆங்கிலத்தில் வாயிரும்பே இல்லாத கருவிக்குப் பெயராயிற்று. பொருள் இவ்வாறு தலைகீழானமை ஈண்டு நோக்கத்தக்கது. 'பொசால்' ஸ்பானியச் சொல். 'மெகாதே' மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் கயிற்றைக் குறிக்கும் 'மெகாட்ல்' என்பதிலிருந்து வந்தது. கோர்த்தேஸ் 1519இல் பதினாறு குதிரைகளுடன் இறங்கும் வரை குதிரையையே அறியாதிருந்த மக்களின் சொல், குதிரைக் கருவியின் பெயராகியுள்ளது. கயிறு திரித்தவர் யாவர் என்பதற்கு இது வலுவான குறிப்பு. வட ஆப்பிரிக்கப் பெர்பர் சவாரி முறை, ஸ்பெயின், மெக்சிகோ என்னும் மூன்று அடுக்குகள் ஒரே தலைக்கருவியில் அமைந்துள்ளன.

எனினும் சொற்சான்று ஓரிடத்தில் நம்மைக் கைவிடுகிறது. கலிபோர்னியாவில் 1769 முதல் நிறுவப்பட்ட இருபத்தொரு மதநிலையங்களின் மந்தைகளை மேய்த்தவர் பெரும்பாலும் அந்நிலத்துப் பழங்குடியினர். அவர்கள் குதிரையேறுவதை ஸ்பானிய ஆட்சி தடைசெய்திருந்தும், ஆள் பற்றாக்குறையால் பாதிரியார்களே அவர்களைப் பயிற்றினர். 'வாக்கேரோ' எனப்பட்ட இம்மேய்ப்பர்களின் கைகளில்தான் மேற்கூறிய பயிற்சி முறை உருப்பெற்றது. ஆயினும் மேலே கண்ட சொற்களுள் ஒன்றேனும் அவர்களின் மொழிகளுக்கு உரியதன்று. ஆங்கிலேய மையப் பார்வையைத் திருத்தும் அதே சொற்கள் இம்மக்களை மறைத்தும் விடுகின்றன. சொற்பிறப்பை மட்டும் நம்பும் ஆய்வாளர், தமிழாய்விலும், இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடன் கொண்ட சொல்லைக் கண்டவுடன் அத்தொழிலே கடன் என்று முடிவு கட்டுவது நம்மிடையேயும் உண்டு.

இக்கலை நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கிவந்தது. எட் கானெல் 1952இல் வெளியிட்ட நூல் ஹேக்கமோர் பயிற்சியைப் படிப்படியாக விளக்கியது. வாக்கேரோக்களின் நினைவுகளை ஆர்னால்ட் ரோஹாஸ் தொகுத்தெழுதினார். அதற்குள் அவ்வாழ்வு பெரும்பாலும் மறைந்திருந்தது. 1966இல் தொடங்கிய ரெய்னிங் ஃப்யூச்சுரிட்டி போட்டி மூன்று வயதுக் குதிரைகளுக்கு உரியது. பழைய முறையில் அவ்வயதுக் குதிரையின் வாயில் இரும்பே ஏறியிராது, பரிசுத்தொகையோ காத்திருப்பதில்லை.

'மெகாதே' ஆங்கிலம் பேசுவோர் நாவில் 'மெக்கார்ட்டி' எனத் திரிந்தது. நாவாட்டில் கயிற்றிற்கு ஓர் அயர்லாந்துக் குடிப்பெயர் அமைந்துவிட்டது. அக்கயிற்றைப் பிடித்து முதல் குதிரைகளைப் பழக்கிய மேய்ப்பர்களின் பெயர்களை மதநிலையங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளில்தான் தேட வேண்டியுள்ளது.