தன்மதிப்பும் தன்னாற்றலும்

பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு நாம் வழங்கும் அறிவுரைகளுள் முதலிடம் பெறுவது, 'உன்மீது நம்பிக்கை வை' என்பதாகும். அந்நம்பிக்கை எத்தகையது, அது பரீட்சைப் புள்ளிகளை உண்மையில் உயர்த்துமா என்னும் வினாக்களுக்கு உளநூலார் விடை தேடிய வரலாறு நூறாண்டுகளைக் கடந்தது.

கல்வித் தேர்ச்சிக்கெல்லாம் அடிப்படையாகப் பொது அறிவாற்றல் ஒன்று உண்டென 1904 இல் கூறியவர் இலண்டன் அறிஞர் சார்ள்ஸ் ஸ்பியர்மன். அவருடைய மாணவரான எட்வர்ட் வெப், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி மாணவரின் குணவியல்புகளை அவர்களை நெருங்கி அறிந்தோரைக் கொண்டு மதிப்பிடச் செய்தார். எடுத்த கருமத்தில் தளராது நிற்கும் மனவுறுதி, அறிவாற்றலின் வேறான தனிப்பண்பு என்பது 1915 இல் அவர் வெளியிட்ட முடிபு. பிற்காலத்தார் கடமையுணர்வு என வகுத்த ஆளுமைப் பண்பு ஏறத்தாழ இதுவே.

தன்னாற்றல் நம்பிக்கை என்னும் கருத்தோ வகுப்பறையிற் பிறந்ததன்று; பாம்புக்கு அஞ்சியோரிடம் பிறந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பேர்ட் பண்டூரா, பாம்பைக் கண்டு நடுங்குவோர் சிலரைக் கொண்டு சோதனை நடத்தினார். பிறர் பாம்பைத் தொடுவதைப் பார்த்திருந்தோரினும், துணையுடன் படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகியோரிடத்து நம்பிக்கை மிகுந்தது. 'இச்செயலை என்னாற் செய்ய முடியும்' என்ற இத்துணிவை அவர் 1977 இல் விளக்கியெழுதினார். அதற்கு வலுவான ஊற்று, தானே செய்து கண்ட வெற்றி. பிறர் கூறும் ஊக்கமொழி அத்துணை வலுவுடையதன்று.

இவ்வேறுபாட்டை உலகம் எளிதில் மறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சட்டசபை உறுப்பினர் ஜோன் வஸ்கொன்செலோஸ் என்பாரின் முயற்சியால் 1986 இல் தன்மதிப்பு வளர்ப்பதற்கென அரசாங்கக் குழுவொன்று அமைந்தது. கல்வித் தோல்வி உட்படச் சமூகக் குறைகள் பலவற்றுக்கும் தன்மதிப்புக் குறைவே வேர் என்பது அவர்தம் எண்ணம். சான்று தேடி அறிஞர்களைக் கொண்டு எழுதுவித்த நூல் 1989 இல் வெளிவந்தது. அதன் முன்னுரையிலேயே, எதிர்பார்த்த தொடர்பு வலுவற்றதாய்க் காணப்படுவதைச் சமூகவியலாளர் நீல் ஸ்மெல்சர் ஒப்புக்கொண்டார். முன்னுரையைப் பலர் படிப்பதில்லை போலும்! 1990 இல் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. புகழ்மொழி பாடசாலைகளிற் பெருகிற்று.

2003 இல் ரோய் போமைஸ்டரும் மற்றும் மூவரும் ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். தன்மதிப்பால் நற்புள்ளிகள் விளைவதாகச் சான்று கிடைக்கவில்லை. நற்புள்ளிகளால் தன்மதிப்பு ஓரளவு உயர்வதே தெரிந்தது. நோயின் குறியை நோயின் காரணமென மயங்கிய வைத்தியர் கதைதான்.

இதனினும் உறைப்பான செய்தி 2007 இல் வந்தது. பல்கலைக்கழகப் பாடமொன்றில் முதற் பரீட்சையிற் பின்தங்கிய மாணவருக்கு வாரந்தோறும் மீள்பயிற்சி வினா மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வினா மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதனுடன், 'உன் மதிப்பை உயர்வாகக் கருது' என்னும் பொருள்படும் மொழிகள். இவ்வின்மொழி பெற்றவருள் மிகக் கீழ்நிலையில் இருந்தோர் முன்னிலும் தாழ்ந்தனர். உழைக்காமலே மனம் நிறைவெய்தினால், உழைப்பதற்குத் தூண்டுகோல் ஏது?

இனி மறுபக்கம். மிஷெல் ரிச்சட்சனும் துணைவர் இருவரும் 13 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, பல்கலைக்கழக மாணவர் பெறும் புள்ளிகளோடு கடமையுணர்வு கொண்ட தொடர்பு 0.19, இன்ன பெறுபேற்றை எய்த முடியும் என்னும் குறித்த நம்பிக்கை கொண்ட தொடர்போ 0.59. முழுப்பொருத்தம் இருப்பின் அவ்வளவு 1 ஆகும். எனினும் பின்னைய எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. தன் முந்திய புள்ளிகளை அறிந்த மாணவன் அடுத்ததைச் சரியாகக் கணித்தல் இயல்பே. அந்நம்பிக்கையிற் பழைய வெற்றியின் நிழலும் கலந்துள்ளது.

ஆண்டிறுதியில் ஒரே பரீட்சை நடத்தி, பெறுபேற்றையும் பல மாதம் கழித்து வெளியிடும் இடத்தில், தன்னால் இயல்வது யாதென மாணவன் அறிவது எங்ஙனம்? மாதந்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதுவித்து, பிழைகளைக் குறித்து, ஒரு வாரத்துள் திருப்பிக் கொடுக்கும் விரிவுரையாளரிடம் பயில்வோனுக்கு அவ்வறிவு ஆண்டு நடுவிலேயே வாய்க்கிறது. திருத்திக்கொள்ளக் காலமும் எஞ்சுகிறது.